கள்வன் குற்றம், உரியவர் தண்டனை

இணையக் கணக்கொன்றைக் கள்வர் கைப்பற்றுகின்றனர். உரியவரின் பெயராலேயே பொய்களைப் பரப்புகின்றனர். அவருடைய உறவினரிடமே பணம் பறிக்கின்றனர். விதி மீறப்பட்டதைக் கண்ட நிறுவனம் அக்கணக்கை மூடிவிடுகிறது. கள்வருக்கு அதனால் இழப்பேதும் இல்லை. அடுத்த கணக்கைத் தேடிப் போய்விடுகின்றனர். உரியவருக்கோ பல்லாண்டுத் தொடர்புகளும் படங்களும் மடல்களும் ஒரே நாளில் இல்லாமற் போகின்றன. குற்றம் இழைத்தவர் தப்பிச் செல்ல, குற்றத்துக்கு ஆளானவர் தண்டனை பெறும் இம்முறைகேடு உலகெங்கும் நிகழ்வதே. ஆயினும் ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு முதலான நம் யாழ்ப்பாணத் தீவகப் பகுதிகளில் அதன் வலி பிற இடங்களைவிடக் கூரியது. அதற்குச் சட்ட வழியில் பரிகாரம் காணும் கடமை அரசுக்கு உண்டு. அக்கடமையை அரசு இதுவரை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

தீவகத்தின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். வேலணையும் ஊர்காவற்றுறையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் குடாநாட்டோடு இணைந்துள்ளன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும். நெடுந்தீவுக்குக் கடற்பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளில் தீவகத்தின் பல ஊர்கள் வெறிச்சோடின. அன்று போனவர்களிற் பலர் இன்று பாரிஸிலும் சூரிச்சிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். தாய் இங்கும் பிள்ளைகள் அங்குமாக வாழும் குடும்பங்களுக்கு நாளாந்த உறவு என்பது கைப்பேசிக்குள்தான் நடக்கிறது. பேரப்பிள்ளையின் முகத்தை அப்பாச்சி பார்ப்பது வட்ஸ்அப்பில். பாடசாலைக் கட்டடத்துக்கும் கோவிற் திருப்பணிக்கும் பணம் சேர்ப்பது ஊர் ஒன்றியங்களின் முகநூற் பக்கங்களில். நயினை நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழாவைப் புலம்பெயர்ந்தோர் தரிசிப்பதும் காணொளி வழியாகத்தான். மரண அறிவித்தல் போகும் வழியும் அதுவே. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குப் படம் வந்து சேரும் வழியும் அதுவே.

இன்னொன்றும் உண்டு. இடம்பெயர்ந்தபோது வீட்டு அல்பங்களை விட்டுவிட்டு ஓடிய குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்குப் பாட்டனாரின் ஒரே படம், வெளிநாட்டிலுள்ள உறவினர் பெட்டியைக் கிளறித் தேடியெடுத்து அனுப்பிய படமாக இருக்கும். அது இருக்குமிடம் ஒரு முகநூற் செய்திப் பெட்டி. நகரவாசி ஒருவர் கணக்கை இழந்தால் புதிதாக ஒன்றைத் திறந்துகொள்வார். தீவகத்தில் ஒரு தாய் கணக்கை இழந்தால், இரண்டாம் முறை இடம்பெயர்ந்தவராகிறார்.

கைப்பற்றும் முறை பெரும்பாலும் மிக எளியது. நன்கு தெரிந்தவரின் எண்ணிலிருந்து செய்தி வருகிறது: “அன்ரி, உங்கட போனுக்கு ஒரு ஆறு இலக்கம் வந்திருக்கும். பிழையா உங்களுக்கு வந்திட்டுது, அதை எனக்கு அனுப்பிவிடுங்கோ.” கேட்பவள் மருமகள் முறையானவள், கேட்கும் விதமும் பழகியது. மறுக்க மனம் வராது. ஆனால் அந்த மருமகளின் கணக்கு முதல் நாளே பறிபோய்விட்டது. ஆறு இலக்கம் கைமாறியதும் அன்ரியின் கணக்கும் போகிறது. அவர் என்ன நடந்ததென்று உணருமுன், பிரான்சிலுள்ள மகனுக்கும் கனடாவிலுள்ள தம்பிக்கும் “அவசரமா கொஞ்சம் காசு தேவை, பிறகு விளக்கமாச் சொல்லுறன்” என்று அவர் பெயரில் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். இதில் கணினி வித்தை ஏதும் இல்லை. உறவினருக்கு மறுக்கக் கூச்சப்படும் நம் இயல்பையே கள்வர் திறப்பாக்கிக் கொள்கின்றனர்.

வட்ஸ்அப்பைப் பொறுத்தவரை மீட்சி ஓரளவு எளிது. சிம் அட்டை உரியவரின் கையில் இருக்கும்வரை, மீண்டும் பதிவு செய்து புதிய குறியீட்டைப் பெற்றால் கள்வர் வெளியேற்றப்படுவர். அவர்கள் இரண்டாம் பூட்டாக ஓர் இரகசிய இலக்கத்தை இட்டிருந்தாலும் 7 நாள் பொறுத்தால் அதுவும் நீங்கும். கூகுள் கணக்கின் மீட்பு எண்ணையோ மீட்பு மின்னஞ்சலையோ கள்வர் மாற்றிவிட்டாலும், பழையதைக் கொண்டு 7 நாள்வரை முயல அந்நிறுவனம் இடமளிக்கிறது. விரைந்து செயற்படுவோர்க்கு இவை கைகொடுக்கும்.

முகநூல், இன்ஸ்ரகிராம் கணக்குகளில் சிக்கல் ஆழமானது. நுழைந்தவர் முதலில் மின்னஞ்சலையும் எண்ணையும் மாற்றுவர். அடுத்து இரட்டைச் சரிபார்ப்பைத் தம் கைப்பேசிக்குத் திருப்புவர். காவலுக்கென ஏற்பட்ட பூட்டே உரியவரை வெளியே நிறுத்திவிடுகிறது. பின்னர், விதிமீறிய படங்களை இடுவதற்கென்றே உருவாக்கிய வேறோர் இன்ஸ்ரகிராம் கணக்கை உரியவரின் முகநூலோடு பிணைத்துவிடுவதும் உண்டு. அந்தக் கணக்கு மூடப்படும்போது அதனோடு பிணைந்திருந்த முகநூலும் சேர்ந்து மூடப்படுகிறது. தாம் திறவாத கணக்கில், தாம் காணாத படத்துக்காக, உரியவர்மேல் தீர்ப்பு விழுகிறது. மேல்முறையீடு செய்ய, இவ்விரண்டையும் நடத்தும் மெற்றா நிறுவனம் 180 நாள் தவணை தருகிறது. அது கடந்தால் கணக்கு நிலையாக முடக்கப்படும்.

ஆராயாது வழங்கிய தீர்ப்பின் கொடுமையைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்துப் பாண்டியன், சிலம்பு யாருடையதென வினவாமலே கோவலனைக் கள்வனாக்கினான். ஆயினும் அந்த அரண்மனைக்கு ஒரு வாயில் இருந்தது. கண்ணகி வந்து நின்று வழக்குரைக்கவும் சிலம்பை உடைத்துக் காட்டவும் ஓர் அவை இருந்தது. தவற்றை ஏற்க ஓர் அரசன் இருந்தான். கண்ணகைக்குக் கோவில் எடுத்து வழிபடும் புங்குடுதீவு மக்களுக்கு இன்று, மூடிய கணக்கின் முன், அந்த வாயிலும் இல்லை, அவையும் இல்லை. முறையிட்டவருக்கு வருவது பெரும்பாலும் இயந்திரம் எழுதிய மறுமொழி. மறுபடி எழுதினால் அதே மறுமொழி மறுபடி வரும்.

முறையிடும் வழியில் இருக்கும் தடைகளும் தீவகத்தவர்க்கு மிகுதி. கணக்குத் தொடங்கியபோது கொடுத்த எண், பணம் இடாததால் காலாவதியாகி வேறொருவருக்குப் போயிருக்கும். மின்னஞ்சல் முகவரியை அக்காலத்தில் திறந்து கொடுத்தவர் தொடர்பாடல் நிலையத்துப் பையன். அதன் கடவுச்சொல்லை இன்று யாரும் அறியார். அடையாள அட்டையின் படத்தை அனுப்பச் சொன்னால் பெயர் பொருந்தாது. அட்டையில் தகப்பன் பெயரோடு கூடிய முழுப்பெயர், கணக்கில் வீட்டில் அழைக்கும் பெயர். முகத்தைப் பல பக்கமும் திருப்பிக் காணொளி எடுத்து அனுப்பு என்று கைப்பேசி பணிக்கும். அலைவரிசை அதற்கு இடம் கொடாது. உதவிப் பக்கத்தின் தமிழ், இயந்திரம் பெயர்த்த தமிழாக இருப்பதால் படித்தவர்க்கும் விளங்காது. இவற்றையெல்லாம் கடந்து வழிகாட்டக் கூடியவரைத் தேடி யாழ்ப்பாண நகருக்குப் போவதென்றால், நெடுந்தீவாருக்கு ஒரு முழு நாள் செலவு. 180 நாள் என்பது கொழும்பிலிருப்பவருக்கு நீண்ட தவணை. தீவகத்திலோ, அறிவித்தல் போன மின்னஞ்சலே கள்வர் கையில் இருக்கும்போது, தவணை ஓடுகிறது என்பதையே பலர் அறியார்.

அறியாமையாலும் அசட்டையாலும் வந்த வினை என்று இதனைத் தள்ளிவிட முடியாது. 2023ஆம் ஆண்டில் இலங்கை அரசின் கணினி முகிற் கட்டமைப்பே தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளவே இல்லை. அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி அரசிடம் இருக்கவில்லை. 2024 டிசம்பர் இறுதியில் பொலிஸ் திணைக்களத்தின் சமூக ஊடகக் கணக்குகளும் அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளமும் அந்நியர் கைக்குப் போயின. பொலிஸ் திணைக்களம் தன் கணக்குகளை மீட்டுக்கொண்டது. வல்லுநரும் அதிகாரமும் அதனிடம் இருந்தன. நயினாதீவின் கடைத்தெருவிலோ ஊர்காவற்றுறைச் சந்தையிலோ வணிகம் செய்யும் ஒருவர், கணக்கு மூடிக்கிடக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வார்?

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அனுமதியின்றிக் கணினியிலோ அதிலுள்ள தகவலிலோ நுழைவதைக் குற்றமாக்கி, 5 ஆண்டுவரை சிறையோ ஒரு இலட்சம் ரூபாவரை தண்டமோ விதிக்க இடமளிக்கிறது. அச்சட்டம் கள்வரைத் தேடுகிறது. பறிகொடுத்தவரை அது நினைக்கவில்லை. கடல் கடந்த நாட்டிலிருந்து இயங்கும் கள்வரைப் பிடித்துத் தண்டிக்கும்வரை கணக்கு மூடியே கிடக்கும். பிடித்தாலும் கணக்குத் திறக்கும் என்பதற்கு உறுதி இல்லை. 101 என்ற இலக்கத்தில் முறைப்பாடு ஏற்கும் இலங்கை கணினி அவசர பதிலளிப்புப் பிரிவு அறிவுரை கூறும், நிறுவனங்களோடு தொடர்புகொள்ளும். கட்டளையிடும் அதிகாரம் அதனிடம் இல்லை. 2024 ஜனவரி 24இல் 62க்கு எதிராக 108 வாக்குகளால் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பேரதிகாரமுள்ள ஓர் ஆணைக்குழுவை அமைக்க வழி செய்தது. எதைப் பேசலாகாது, எதை நீக்க வேண்டும் என்பதிலேயே அச்சட்டத்தின் கவனம் சென்றது. கருத்துரிமைக்கு ஊறு நேரும் என்ற கண்டனமும் அதனால் எழுந்தது. பறிபோன கணக்கை உரியவர் இன்ன தவணைக்குள் மீளப்பெறும் உரிமையை அது எழுதி வைக்கவில்லை. மக்கள் பேசுவதைக் கண்காணிக்கச் சட்டமியற்றிய மன்றம், மக்கள் பேசும் வாயே அடைபடும்போது என்ன செய்வதென எண்ணவில்லை.

நிலத்தைப் பொறுத்தவரை இந்நாட்டின் சட்டம் இதைவிடப் பண்பட்டது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, சட்ட வழியன்றித் தம் காணியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் ஓராண்டுக்குள் வழக்கிட இடமளிக்கிறது. அவர் உறுதி காட்டி உரித்தை நிறுவ வேண்டியதில்லை. தாம் ஆண்டுவந்ததையும் தம்மை வெளியேற்றியதையும் நிறுவினாற் போதும், காணி மீளக் கையளிக்கப்படும். 1979ஆம் ஆண்டின் முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம் இன்னும் விரைவானது. அமைதி குலையும் அச்சமுள்ள காணிப் பிணக்கில், முந்திய இரண்டு மாதங்களுக்குள் வலிந்து வெளியேற்றப்பட்டவரை மீண்டும் அமர்த்த நீதிமன்றம் கட்டளையிடலாம். அச்சட்டத்தின் 66ஆம் பிரிவு வழக்கு என்றால், காணிப் பிணக்கில் அலைந்த தீவகத்தார் எவருக்கும் விளங்கும்.

மூன்றாவது சட்டம் நமக்கு இன்னும் நெருக்கமானது. பிறர் காணியைப் பத்தாண்டு இடையூறின்றி ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம் என்பது பழைய விதி. போரினால் ஊரைவிட்டுப் போனவர்களின் காணிகளில் வேறு சிலர் பத்தாண்டும் இருபதாண்டும் குடியிருந்தபோது, அவ்விதி அநீதிக்குக் கருவியாகும் நிலை வந்தது. வரமுடியாதிருந்தவரை வராதிருந்தவராகக் கணிப்பது முறையன்று என்பதை நாடாளுமன்றம் ஏற்றது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் வன்செயல் காரணமாகத் தம் உரிமையைப் பேண முடியாது போனவர்க்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என விதித்தது.

இம்மூன்று சட்டங்களிலும் ஓடும் நெறி ஒன்றே. பறிகொடுத்தவரை முதலில் அமர்த்து. உரித்து யாருக்கென்பதைப் பின்னர் ஆறுதலாக ஆராய். அவர் வெளியே இருந்த காலத்தை அவருக்கே எதிரான சான்றாக்காதே. இந்நெறியை இணையக் கணக்குக்கு நீட்டுவதில் சட்ட மரபுக்கு முரணானது எதுவும் இல்லை.

கணக்கு காணியன்று, நிறுவனத்தோடு செய்துகொண்ட ஓர் ஒப்பந்தமே என்று மறுப்புரைக்கலாம். உண்மைதான். ஆனால் ஒரு பக்கத்தார் எழுதி, மறு பக்கத்தார் வாசியாது ஒப்பிய ஒப்பந்தம் அது. நாடு முழுவதும் அஞ்சலாகவும் சந்தையாகவும் அறிவித்தற் பலகையாகவும் ஒரு சேவையைப் பயன்படுத்தும் நிலை வந்தபின், அதன் கதவைக் காரணம் கூறாது அடைக்கும் உரிமை தனியார் விருப்பத்துக்கு மட்டும் விடத்தக்கதன்று. இன்னொரு மறுப்பு வலுவானது. மீட்கும் வழியை எளிதாக்கினால் கள்வரும் அதே வழியால் நுழைவர் என்று நிறுவனங்கள் கூறும். அதற்குச் சான்றும் உண்டு. 2012 ஓகஸ்டில் அமெரிக்க இதழாளர் மற் ஹோனனின் கணக்குகளைக் கைப்பற்றியவர், ஆப்பிள் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசி, முகவரியையும் கடனட்டையின் கடைசி நான்கு இலக்கங்களையும் சொல்லியே கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டார். ஹோனனுடைய மகளின் குழந்தைப் பருவப் படங்கள் இருந்த கணினி தொலைவிலிருந்தே துடைத்தழிக்கப்பட்டது.

இந்நிகழ்வு கற்பிப்பது யாது? மீட்பு வழி இருக்கலாகாது என்பதா? விசாரணையின்றிக் கைமாற்றலாகாது என்பதே அதன் பாடம். உரிமைப் பிணக்கு எழுந்ததும் கணக்கை உறைய வைத்து, உள்ளிருப்பதை அழியாமற் காத்து, இரு தரப்பையும் கேட்டபின் முடிவு செய்தால் கள்வர்க்கும் இடமில்லை, உரியவர்க்கும் இழப்பில்லை. சான்றுக்கு வேறு வழிகளும் உள்ளன. காணியின் எல்லையை அயலவரும் கிராம அலுவலரும் ஊர்ப் பெரியவரும் சாட்சி சொல்லி உறுதிப்படுத்துவது நம் வழக்கம். நிறுவனங்களுக்கும் அம்முறை புதிதன்று. நம்பிக்கைக்குரிய நண்பர் சிலர் சேர்ந்து ஒருவரின் கணக்கை மீட்டுத்தரும் ஏற்பாட்டை முகநூல் 2013இல் தொடங்கிப் பின்னர் கைவிட்டது. ஆப்பிள் 2021இலும் கூகுள் 2025இலும் அதுபோன்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்துள்ளன. ஆளை ஆள் அறிந்து சாட்சி சொல்வது, இயந்திரம் முகத்தை அளப்பதைவிடத் தாழ்ந்ததன்று.

பிற நாடுகள் எவ்வளவு தூரம் போய்விட்டன என்பதையும் நோக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சேவைகள் சட்டம் 2024 பெப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. கணக்கை மூடினால் காரணம் கூற வேண்டும். குறைந்தது ஆறு மாதம் கட்டணமின்றி முறையிட இடமளிக்க வேண்டும். அம்முறையீட்டின் முடிவை இயந்திரத்திடம் மட்டும் விடலாகாது, தகுதி வாய்ந்த மனிதரின் மேற்பார்வை வேண்டும். அதிலும் நிறைவு காணாதவர் நீதிமன்றுக்கு வெளியேயுள்ள இணக்க அமைப்பிடம் போகலாம். இந்தியா 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகளால், பெரு நிறுவனங்கள் குறைதீர் அலுவலரை உள்நாட்டில் அமர்த்த வேண்டும் என்றது. 2023இல் அவர்களின் முடிவுக்கு மேல் முறையிட மூன்று குழுக்களையும் அமைத்தது. அமெரிக்காவில் 41 மாநிலச் சட்ட அதிபர்கள் 2024 மார்ச்சில் மெற்றா நிறுவனத்துக்குக் கூட்டாகக் கடிதம் எழுதினர். நியூயோர்க் மாநிலத்துக்கு மட்டும் 2019இல் 73 ஆக வந்த கணக்குப் பறிப்பு முறைப்பாடுகள் 2023இல் 783 ஆகப் பெருகியதை அவர்கள் சுட்டினர். நிறுவனம் செய்யாத வாடிக்கையாளர் சேவையை அரச அலுவலகங்கள் சுமக்க முடியாது என்பது அவர்களின் கண்டனம்.

இதன் பொருளை ஒரு குடும்பத்துக்குள் வைத்துப் பார்த்தால் அநீதி துலங்கும். ஒரே வீட்டிற் பிறந்த மூவர். அண்ணன் பாரிஸில், தம்பி சூரிச்சில், தங்கை நெடுந்தீவில். மூவரின் கணக்கும் ஒரே மோசடியால் பறிபோய் மூடப்படுகின்றன. அண்ணனுக்குச் சட்டம் எழுதித் தந்த முறையீட்டு உரிமை உண்டு. சுவிற்சர்லாந்து அந்த ஒன்றியத்தில் இல்லாததால் தம்பிக்கு அது இல்லை. தங்கைக்கு அதுவும் இல்லை, தன் மொழியில் விளக்கம் கேட்க ஓர் ஆளும் இல்லை. தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று என்பதை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இலேயே ஏற்றது. அந்த ஏற்பு அலுவலகப் பலகைகளோடு நின்றுவிடலாகாது.

புதிதாகச் சட்டம் இயற்றும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வித்து ஏற்கெனவே இருக்கிறது. முழுக்க முழுக்கத் தானியங்கி முறையால் எடுக்கப்பட்டு, ஒருவரின் உரிமைகளில் மீளாத, தொடர்ந்த பாதிப்பை விளைக்கும் முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையை அது தருகிறது. இலங்கையிலுள்ளோர்க்குச் சேவை வழங்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் அது தழுவுகிறது. கள்வர் செய்த விதிமீறலுக்காக இயந்திரம் ஒருவரின் கணக்கை நிலையாக மூடுவது இவ்வரைவிலக்கணத்துள் அடங்காதென்றால் வேறெதுதான் அடங்கும்? ஆனால் அச்சட்டத்தின் முதன்மைப் பகுதிகள் 2025 மார்ச் 18 அன்று நடைமுறைக்கு வரவிருந்து, பிற்போடப்பட்டன. உரிமையை ஏட்டில் எழுதிவிட்டு அதன் நாளைத் தள்ளிக்கொண்டே போவது, உரிமை தராமைக்கு ஒப்பாகும்.

ஆகவே அரசிடம் நாம் வேண்டுவன இவை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மீளாய்வு உரிமையை முதலில் நடைமுறைப்படுத்த வேண்டும். கணக்கை மூடுதல் அதனுள் அடங்கும் என விதிகளால் தெளிவாக்க வேண்டும். கணக்குப் பறிபோனதென முறையிட்ட நாள்முதல் விசாரணை முடியும்வரை அதிலுள்ளவற்றை அழிக்கலாகாது என்ற கட்டாயத்தை நிறுவனங்கள்மீது சுமத்த வேண்டும். இந்நாட்டில் பெருந்தொகைப் பயனரைக் கொண்ட நிறுவனங்கள், தமிழிலும் சிங்களத்திலும் மறுமொழி கூறும் பொறுப்பதிகாரியை இங்கேயே அமர்த்த வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும், கிராம அலுவலரின் உறுதிப்பாடும், சமாதான நீதவான் முன் இட்ட சத்தியக்கடதாசியும் அடையாளச் சான்றுகளாக ஏற்கப்பட வேண்டும். கணினி அவசர பதிலளிப்புப் பிரிவுக்கு நிறுவனங்களிடம் விளக்கம் கேட்டுப் பெறும் அதிகாரம் வேண்டும்.

இவற்றோடு தீவகத்துக்கென ஒன்று. ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு ஆகிய மூன்று பிரதேச செயலகங்களிலும் பயிற்சி பெற்ற ஓர் அலுவலர் இதற்கெனப் பொறுப்பேற்க வேண்டும். பெருஞ்செலவு பிடிக்கும் திட்டமன்று இது. ஒரு கணினி, நிலையான இணைப்பு, படிவங்களை அறிந்த ஓர் ஆள். பிறப்புப் பதிவுக்கும் காணிக் கச்சேரிக்கும் அங்கு வரும் மக்கள், பறிபோன கணக்குக்கும் அங்கேயே வந்து கேட்க முடிய வேண்டும். கணவன் கடலுக்குப் போயிருக்க, பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, தனியே நிற்கும் ஒரு முதியவள் படகேறி நகருக்கு அலைந்து, கடைக்காரனிடம் கடவுச்சொல்லைச் சொல்லி மேலும் ஏமாறும் நிலை அதனால் நீங்கும். மீட்டுத் தருகிறோம் என்று பணம் கேட்போர் இன்னொரு வகைக் கள்வர் என்பதும் அங்கேயே எடுத்துரைக்கப்பட வேண்டும்.

அரசைக் கேட்பதோடு நம் கடன் முடிந்துவிடாது. ஊர் ஒன்றியங்களும் கோவில் அறங்காவலரும் பழைய மாணவர் சங்கங்களும் தம் பக்கங்களை ஒரே ஒருவரின் கணக்கில் தொங்கவிடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். நிருவாகிகள் இருவர் மூவர் இருத்தல் நன்று; அவர்களில் ஒருவர் பிரான்சிலோ ஜேர்மனியிலோ வாழ்பவராயின், ஐரோப்பியச் சட்டம் அவருக்குத் தரும் முறையீட்டு உரிமை ஊருக்கும் ஓரளவு அரணாகும். ஊரின் பழம்படங்களும் விழா மலர்களும் நிறுவனமொன்றின் களஞ்சியத்தில் மட்டும் இருப்பது தகாது. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டிக் காக்கும் ‘நூலகம்’ நிறுவனம் போன்ற பொது எண்ணிம நூலகத்திடமும் ஒரு பிரதி சேர வேண்டும். தனியாள் ஒவ்வொருவரும் தம் படங்களை இறக்கிச் சேமிக்கலாம், இரட்டைச் சரிபார்ப்பை இடலாம், மீட்பு எண்ணைப் புதுப்பிக்கலாம். கேட்டவர் சொந்தப் பிள்ளையே ஆயினும் ஆறு இலக்கத்தைக் கொடாதிருக்கலாம். குரலைக் கேட்டு, பேசி, உறுதி செய்யலாம். பாடசாலைகள் மாணவர்க்கு இதைக் கற்பித்தால், மாணவர் வீட்டிலுள்ள முதியோர்க்குக் கற்பிப்பர்.

ஆயினும் எச்சரிக்கையை மட்டும் போதித்து அரசு ஒதுங்கிக்கொள்ள இடமளிக்கலாகாது. வீட்டைப் பூட்டாது போனவர் என்பதற்காக, வீட்டைப் பறித்தவருக்கு எந்த நீதிமன்றும் உரித்து எழுதிக் கொடுப்பதில்லை. ஏமாந்தவர் என்பதற்காக ஒருவர் குற்றவாளி ஆவதும் இல்லை. கணக்கை மூடுவது சில வேளை தேவையான நடவடிக்கையே. கள்வரின் கையைத் தடுக்க அதுவே விரைவான வழி. அந்நடவடிக்கை தடுப்பாக இருக்கும்வரை நியாயமானது. உரியவரைக் கேளாமல் நிலைத்துவிட்டால் அது தண்டனையாகிறது. விசாரணையற்ற தண்டனையை நாகரிகமடைந்த எந்தச் சட்டமும் ஏற்பதில்லை.

காணியை இழந்து, காத்திருந்து, உறுதியும் சாட்சியும் தேடி அலைந்து மீட்ட மக்கள் தீவகத்தார். அவர்களின் வாக்கைப் பெற்று நாடாளுமன்றம் சென்ற யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர்கள், இதில் ஒற்றுமை காட்ட வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மீளாய்வு உரிமை எந்த நாளில் நடைமுறைக்கு வரும், அதன் விதிகளில் மூடிய கணக்குகளுக்கு இடம் உண்டா என்ற இரு வினாக்களையும் அவர்கள் துறைசார் அமைச்சரிடம் மன்றில் எழுப்பட்டும். மழுப்பலற்ற மறுமொழி, நாள் குறித்த மறுமொழி, பதிவேட்டில் ஏறும்வரை அவ்வினாக்கள் ஓயலாகாது.